போலிடெக்னிக்கும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும்: சுங்கை சிப்புட் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படிவம் ஐந்தில் பிள்ளைகள் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்த வாரம், மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். நாலைந்து பேர்தான். எல்லாரும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தொழிற்கல்வி படித்து, வேலைக்குப் போனவர்கள். காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மாலைப் பூசை வரைக்கும் ஆள் வந்தபடி இருக்கும். அம்மா கையில் முடிவுத்தாள் இருக்கும். பின்னால் பையனோ பெண்ணோ தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். வருடா வருடம் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். மண்டபத்துக்கு வர முடியாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று அந்தக் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

போலிடெக்னிக் என்றால் பல்கலைக்கழகமா, பள்ளிக்கூடமா?

படிவம் ஐந்து முடித்தவர்கள் மூன்று வருடம் படித்து டிப்ளோமா வாங்கும் அரசாங்கக் கல்லூரி. ஆறு பருவம். அதில் ஒரு பருவம் முழுக்க ஏதாவது ஒரு தொழிற்சாலையிலோ நிறுவனத்திலோ பயிற்சி. மீதிக் காலத்தில் பாதி வகுப்பறை, பாதி பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதற்கு அடுத்த படி. அங்கே டிகிரி படிப்பார்கள். இயந்திரத்தை வடிவமைப்பவருக்கும் அதை ஓட்டுபவருக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும், ஸ்பானர் பிடிக்கவும் தெரிய வேண்டும். அந்த ஆளை உருவாக்கத்தான் போலிடெக்னிக்.

இந்த மாதிரிக் கல்லூரிகள் முதலில் எங்கே தொடங்கின?

'பல கலைகள்' என்று பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர் இது. பிரான்சில் புரட்சிக்குப் பிறகு, பாலம் கட்டவும் கோட்டை கட்டவும் பொறியாளர்கள் போதாமல் 1794ல் பாரிஸில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அடுத்த வருடமே அதற்கு எக்கோல் போலிடெக்னிக் என்று பெயர் வந்தது. அதே 1794ல், நம் முன்னோர்கள் கப்பலேறிய சென்னைப் பட்டணத்தில் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. எட்டே மாணவர்கள். அதுதான் பிறகு கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. பாரிஸுக்கும் சென்னைக்கும் ஒரே வயது என்பதை நான் எப்போதும் பிள்ளைகளிடம் சொல்வேன். தொழில்நுட்பம் வெள்ளைக்காரன் வீட்டுச் சொத்து என்ற எண்ணம் அவர்கள் மனதில் இருக்கவே கூடாது.

அப்புறம் ஜெர்மனியில் 1825ல் கார்ல்ஸ்ரூ, சுவிட்சர்லாந்தில் 1855ல் சூரிச், அமெரிக்காவில் 1861ல் எம்ஐடி என்று பரவியது. இங்கிலாந்தில் போலிடெக்னிக் என்ற பெயரோடு இருந்த கல்லூரிகள் 1992ல் பல்கலைக்கழகங்களாக மாறிவிட்டன. பக்கத்துச் சிங்கப்பூரில் போலிடெக்னிக் 1954ல் அமைக்கப்பட்டது. நாம் அதற்கும் பதினைந்து வருடம் பிந்தித்தான் வந்தோம்.

மலேசியாவில் எப்படி வந்தது?

இரண்டு வேர்கள் உண்டு.

முதல் வேர் கோலாலம்பூரில். ரயில் பாதை, பொதுப்பணி, நில அளவை ஆகிய இலாகாக்களுக்கு உள்ளூரிலேயே துணை ஆட்கள் வேண்டும் என்று ஆங்கிலேயர் 1904ல் ஒரு தொழில்நுட்ப வகுப்பைத் தொடங்கினார்கள். 1906ல் அது டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளி ஆனது. பிறகு தொழில்நுட்பக் கல்லூரியாகி, 1955ல் கர்னி சாலைக்கு மாறியது. 1972ல் அதைத் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக உயர்த்தி, 1975 ஏப்ரலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயரிட்டார்கள். இன்று யூடிஎம் என்று நாம் சொல்வது அதைத்தான். அதன் பெரிய வளாகம் ஜொகூர் ஸ்கூடாயில் இருக்கிறது. இதற்குக் கீழ்ப்படியில், 1926ல் கோலாலம்பூரில் ஒரு கைத்தொழில் பள்ளி திறந்தார்கள். பிட்டர், மெக்கானிக் வேலைக்கு ஆள் தயாரிப்பது அதன் பணி.

இரண்டாவது வேர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நாட்டின் முதல் போலிடெக்னிக் 1969ல் ஈப்போவில் யுனெஸ்கோ உதவியோடு தொடங்கியது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் உங்கு ஒமார் அகமட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஈப்போ. நாட்டிலேயே முதலாவது போலிடெக்னிக் நம் வீட்டு வாசல் மாதிரி இருந்தும், எழுபதுகளில் நம் தோட்டங்களிலிருந்து அந்த வாசலுக்குள் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஈப்போவுக்குப் பிறகு குவாந்தான், ஜித்ரா, கோத்தா பாரு என்று ஒவ்வொன்றாக வந்தன. தொண்ணூறுகளின் கடைசியில்தான் வேகம் பிடித்தது. ஷா ஆலாம், பாசிர் கூடாங், செபராங் பிறை, மலாக்கா எல்லாம் அந்த ஐந்தாறு வருடத்தில் முளைத்தவை. அப்போது தொழிற்சாலைகள் பெருகின, ஆள் போதவில்லை, காரணம் அவ்வளவுதான். இன்று நாடு முழுக்க 36 போலிடெக்னிக் இருக்கின்றன. பேராவில் ஈப்போவைத் தவிர, தஞ்சோங் மாலிம் பக்கம் பெஹ்ராங்கில் ஒன்று இருக்கிறது. புரோட்டோன் கார்த் தொழிற்சாலையும் அதே வட்டாரம்தான்.

இவ்வளவு கல்லூரி திறந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே. அதற்காக 1993ல் ஜொகூர் பத்து பகாட் வட்டாரத்தில் போலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அந்த மையம்தான் படிப்படியாக வளர்ந்து 2007ல் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் ஆனது. அதே வருடம் மலாக்கா, பகாங், பெர்லிஸ் ஆகிய இடங்களில் இருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரிகளும் முழுப் பல்கலைக்கழகமாயின. இந்த நான்கையும் சேர்த்து எம்டியுஎன் என்பார்கள். போலிடெக்னிக் பிள்ளைகளுக்கு டிகிரிக்கு இயல்பாகப் பொருந்தும் வீடு இதுதான்.

அந்தக் காலத்தில் நம் பிள்ளைகள் ஏன் அங்கே போகவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாத்தாக்கள்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1923 தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். அதனால் பள்ளி இருந்தது. ஆனால் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் போவதானால் டவுனுக்குப் போக வேண்டும், புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாயோ ஆங்கிலமோ படிக்க வேண்டும், பஸ் காசு வேண்டும். அப்பாவும் அம்மாவும் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்விடுவார்கள். மூத்த பிள்ளை தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு வயதில் ரப்பர்ப் பால் வாளி தூக்கும்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, குடும்பங்கள் குடியிருந்த லயத்து வீடுகளையே இழந்தன. நம் தொகுதியின் அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் துன் சம்பந்தன் 1960ல் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது அதற்காகத்தான். அப்புறம் 1968ல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ பேர் வேலை இழந்து, பிறந்து வளர்ந்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். அது அமலுக்கு வந்ததும் ஈப்போவில் போலிடெக்னிக் கதவு திறந்ததும் ஒரே 1969ல். லயத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வீட்டில் யார் டிப்ளோமாவைப் பற்றிப் பேசியிருப்பார்கள்?

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தொழில்நுட்பம் தெரிந்த ஆட்கள் இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தார்கள். கையில் காகிதம்தான் இல்லை.

என் அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் இருபத்தெட்டு வருடம் நின்றவர். பழக்குலையை முதலில் நீராவியில் வேக வைக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று பார் அழுத்தம், ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த நீராவி பாய்லரிலிருந்து வருகிறது. பிழிந்த பழத்தின் நாரும் கொட்டை ஓடும்தான் பாய்லருக்கு விறகு. நார் ஈரமாக இருந்தால் புகை வெளுத்துவரும். அப்பா ஆலை வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே புகைபோக்கியைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் நாரோடு கொட்டை ஓட்டை இன்னும் அதிகமாகச் சேர்க்கச் சொல்வார். வேக வைக்கும் கலனுக்கு வால்வு திறந்தால் பாய்லர் சத்தம் இறங்கும். அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பதை மீட்டரைப் பார்க்காமலே சொல்வார். பார்த்தால் முள் அங்கேதான் நிற்கும்.

ஆனால் பாய்லருக்குப் பொறுப்பேற்க ஸ்டீம் டிக்கெட் வேண்டும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை தேர்வு வைத்துக் கொடுக்கும் சான்றிதழ் அது. தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றவர் அந்தத் தேர்வை எந்த மொழியில் எழுதுவார்? டிக்கெட்டோடு வரும் இளைஞர்களுக்கு அப்பா வேலை கற்றுக்கொடுத்தார். ஆறு மாதத்தில் அவர்கள் அப்பாவுக்கு மேலாளாக ஆனார்கள், இரண்டு மடங்கு சம்பளத்தோடு. அப்பா ஓய்வு பெறும் வரைக்கும் 'பாய்லர் உதவியாள்' என்றுதான் சம்பளச் சீட்டில் இருந்தது. அவர் அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. நான் படிவம் ஐந்து முடித்த அன்று மட்டும், "எதைப் படித்தாலும் காகிதம் கையில் வருகிற மாதிரி படி" என்றார்.

போலிடெக்னிக் என்றால் படிப்பு வராதவர்கள் போகிற இடம் என்கிறார்களே?

சொல்பவர்களை ஒரு நாள் பட்டறையில் நிற்கச் சொல்ல வேண்டும்.

நான் ஈப்போவில் மெக்கானிக்கல் சேர்ந்தபோது, முதல் பருவத்தில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, அரத்தால் ராவி ஆறு பக்கமும் சமமாக்கச் சொன்னார்கள். கேட்டால் சின்ன வேலை. ஒரு பக்கத்தைத் தட்டையாக்கினால் அடுத்த பக்கம் சாயும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் திரும்ப ராவ வேண்டும். வெர்னியரில் அளந்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகக் கூடாது. மூன்று வாரம், இரண்டு கையிலும் கொப்புளம். அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மறுநாள் அதை ஆலைக்கு எடுத்துப்போய் எல்லாரிடமும் காட்டியிருக்கிறார்.

அதே பருவத்தில் கணக்கும் உண்டு, மின்சாரக் கோட்பாடும் உண்டு. நீராவி பற்றிய பாடம் இரண்டாம் வருடம் வந்தது. அழுத்தம், வெப்பம், கொள்ளளவு எல்லாம் அட்டவணையாக. அப்பா காதால் அறிந்துவைத்திருந்ததை நான் எண்ணாகப் படித்தேன். கையும் வேண்டும், தலையும் வேண்டும்.

எஸ்பிஎம்மில் எவ்வளவு எடுத்திருக்க வேண்டும்?

பஹாசா மலேசியாவும் சரித்திரமும் தேறியிருக்க வேண்டும். இந்த இரண்டும் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது. திரும்ப எழுத வழி இருக்கிறது, தயங்காமல் எழுதுங்கள். டிப்ளோமாவுக்குக் குறைந்தது மூன்று பாடத்தில் கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கு மேலான மதிப்பெண், வேண்டும். பொறியியல் பக்கம் போவதானால் கணிதத்தில் கிரெடிட் இருப்பது கதவைத் திறக்கும். ஒவ்வொரு துறைக்கும் தனி நிபந்தனை உண்டு, அதை விண்ணப்பத் தளத்தில் படித்துவிட்டுத் தேர்வு செய்யுங்கள்.

மூன்று கிரெடிட் இல்லையா? சமூகக் கல்லூரி இருக்கிறது. நம் சுங்கை சிப்புட்டிலேயே ஒன்று இருக்கிறது. அந்த வழியாகத் தினம் போகிறவர்களுக்கே அது என்னவென்று தெரியாது. அங்கே சான்றிதழ் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு போலிடெக்னிக் டிப்ளோமாவுக்குப் போகலாம். ஒரு வருடம், ஒன்றரை வருடம் கூட ஆகும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

எப்படி விண்ணப்பிப்பது?

அரசாங்க உயர்கல்வி விண்ணப்பங்களுக்கான யூபியூ இணையத்தளத்தில்தான். பல்கலைக்கழகம், போலிடெக்னிக், சமூகக் கல்லூரி எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பம், பிடித்ததை வரிசையாகப் போட வேண்டும். திறந்திருக்கும் நாட்கள் குறைவு. கைப்பேசியில் அவசரமாகச் செய்யாமல் கணினியில் செய்யுங்கள். சில துறைகளுக்கு நேர்முகம் உண்டு. இடம் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். ஒவ்வொரு வருடமும் மேல்முறையீட்டில் இடம் பெறும் பிள்ளைகளை நேரில் பார்க்கிறேன். 'கிடைக்கவில்லை' என்று வந்த அன்றே பலர் நிறுத்திவிடுகிறார்கள். மனசு வலிக்கும் இடம் இதுதான்.

இந்தியப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா? நமக்கு உண்டா?

போலிடெக்னிக், சமூகக் கல்லூரி, எம்டியுஎன் பல்கலைக்கழகங்கள் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்தவை. யூஐடிஎம் என்ற மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் மற்றப் பூர்வகுடிகளுக்கும் ஆனது, அதனால் அதைப் பட்டியலில் எதிர்பார்க்க வேண்டாம். மனிதவள அமைச்சின் கீழ் வரும், ஊரில் ஐஎல்பி என்று அழைக்கும் பயிற்சி நிலையங்களும் எல்லாருக்கும் உண்டு; ஈப்போவில் இருக்கிறது. நம் சமுதாயம் எழுப்பிய ஸ்தாபனங்களும் இருக்கின்றன. சிரம்பானில் டேஃப் கல்லூரி, கெடா பெடோங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எல்லாம் அப்படி வந்தவை.

போலிடெக்னிக்கில் நம் பிள்ளைகள் குறைவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், நம்மவர்கள் விண்ணப்பிப்பதே குறைவு. மண்டபத்தில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் போலிடெக்னிக்கைப் பட்டியலின் கடைசியில் போட்டிருப்பார்கள், அல்லது போட்டிருக்கவே மாட்டார்கள். மருத்துவம் அல்லது ஒன்றுமில்லை என்று நினைக்கும் வீடுகளை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசைக்குப் பின்னால் எத்தனை வருடப் பால்வெட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளையின் கை எதை நோக்கிப் போகிறது என்று கொஞ்சம் பாருங்கள். வீட்டு மின்விசிறி நின்றால் யார் ஏணி போடுகிறார்கள் என்று பாருங்கள்.

எஸ்கேஎம் என்கிறார்கள், டிப்ளோமா என்கிறார்கள். எது நல்லது?

இரண்டும் இரண்டு ஏணி. எஸ்கேஎம் என்பது மலேசியத் திறன் சான்றிதழ். கைத்திறனை அளந்து கொடுப்பது. ஒன்று முதல் மூன்று வரை நிலைகள், அதற்கு மேல் நான்காம் நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. வெல்டிங், ஏர்கான், வாகனம் பழுதுபார்த்தல் மாதிரி ஒரே தொழிலில் ஆழமாகப் போக நினைப்பவருக்கு இது. போலிடெக்னிக் டிப்ளோமா கொஞ்சம் அகலமானது, டிகிரிக்குப் போவது சுலபம். முன்பு தொழிற்பள்ளி என்றிருந்தவை இப்போது கொலேஜ் வொக்கேஷனல். படிவம் நான்கிலேயே சேர்ந்து வொக்கேஷனல் டிப்ளோமா வரை படிக்கலாம். இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் நாளிதழ்களில் திவெட் என்று எழுதுகிறார்கள்.

மின்சாரம் படிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டிப்ளோமா இருந்தாலும், வயர்மேனாகவோ சார்ஜ்மேனாகவோ கையெழுத்துப் போட எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் தனியாக வேண்டும். என் அப்பாவுக்கு ஸ்டீம் டிக்கெட் இல்லாத கதைதான் இதுவும். படிக்கும்போதே அதற்கு என்ன வேண்டும் என்று விசாரித்து வைத்துவிடுங்கள்.

டிப்ளோமா முடித்தால் பொறியாளர் ஆக முடியுமா?

முடியும், ஆனால் பாதையைத் தெரிந்து நடக்க வேண்டும். டிகிரியில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பொறியியல் டிகிரி. அது பொறியாளர் வாரியம் அங்கீகரித்த படிப்பாக இருந்தால், பதிவு செய்து, அனுபவம் சேர்த்து, தேர்வு எழுதி பெயருக்கு முன்னால் 'ஐஆர்' போட்டுக்கொள்ளலாம். மற்றது பொறியியல் தொழில்நுட்ப டிகிரி. கைவேலை அதிகம், தொழிற்சாலையோடு நெருக்கம் அதிகம். அதற்கு 2015 சட்டத்தின் கீழ் வந்த தொழில்நுட்பவியலாளர் வாரியம் இருக்கிறது. அங்கே பதிவு பெற்றவர் 'டிஎஸ்' போட்டுக்கொள்ளலாம். எம்டியுஎன் பல்கலைக்கழகங்களில் இரண்டு வகையும் உண்டு, படிப்பின் பெயரும் ஒன்று போலவே தெரியும். ஒரு சொல் வித்தியாசத்தைக் கவனிக்காமல் நான்கு வருடம் படித்துவிட்டு வருத்தப்பட்டவர்கள் எங்கள் மேசைக்கே வந்திருக்கிறார்கள். டிப்ளோமாவில் படித்த சில பாடங்களுக்கு விலக்கு கிடைத்தால் டிகிரிக் காலம் குறையும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை. மொழி தடையாக இருக்குமா?

முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும். வகுப்பில் பேச்சு மலாயில் ஓடும். கையேடும் தேர்வுத்தாளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அங்கே வரும் கிராமத்து மலாய்ப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் அதே கஷ்டம்தான். எங்கள் அறையில் நாங்கள் நால்வர், இரண்டு பேர் மலாய்க்காரர்கள், ஒருவர் சீனர். கணக்கு நான் சொல்லிக்கொடுப்பேன், மலாய் அறிக்கையை அவர்கள் திருத்திக் கொடுப்பார்கள். இரண்டாம் பருவத்தில் பழகிவிட்டது.

செலவு?

கல்விக் கட்டணம் பருவத்துக்குச் சில நூறு ரிங்கிட்தான். விடுதி, சாப்பாடு, பஸ், பாதுகாப்புக் காலணி, பட்டறை உடை, மடிக்கணினி இவையே உண்மையான செலவு. அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடன் வாங்கலாம். திறன் சான்றிதழ் படிப்பவர்களுக்குப் பிடிபிகே என்று தனி நிதிக் கழகம் உண்டு. இந்தியச் சமுதாயத்துக்கான அரசுப் பிரிவான மித்ராவின் உதவித் திட்டங்கள் வருடத்துக்கு வருடம் மாறும், அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பெண் பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பலாமா?

தாராளமாக அனுப்புங்கள். இந்த மேசையில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா எலெக்ட்ரிகல் படித்தவர். மின்னணுத் தொழிற்சாலையில் ஒரு பிரிவையே நடத்துகிறார். அம்மாக்கள் இந்தக் கேள்வியை அவரிடம்தான் கேட்பார்கள், பதிலும் அவரே சொல்வார்.

தனியார் கல்லூரி ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து எல்லாம் செய்து தருகிறேன் என்கிறார். சேரலாமா?

கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் பாருங்கள்.

என் சித்தப்பா மகன் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த கல்லூரியில் சேர்ந்தான். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. வீட்டுக்கு வந்தவர் அழகான தமிழில் பேசினார், சித்தி காபி போட்டுக் கொடுத்தார். முதல் தவணைக்குத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போனது. இரண்டு வருடம் போய் வந்தான். கடைசியில் அந்த 'டிப்ளோமா' எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்று தெரிந்தது. வேலைக்கு எடுத்துப்போனால் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடன் மட்டும் அவன் பெயரில் நின்றது.

டிப்ளோமா, டிகிரி என்றால் மலேசியத் தகுதி நிர்ணய முகமையான எம்கியூஏவின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது; படிப்பின் பெயர், எந்த வளாகம், எந்தக் காலம் வரை என்று பாருங்கள். எஸ்கேஎம் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் அந்த மையமும் அந்தத் தொழிலும் அந்த நிலையும் இருக்க வேண்டும். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், பத்து நிமிட வேலை. நல்ல தனியார் கல்லூரிகள் நிறைய உண்டு. அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள்.

எனக்கு வயது நாற்பத்தாறு. இருபது வருடம் வெல்டிங் செய்கிறேன். சான்றிதழ் இல்லை. எனக்கு ஏதாவது உண்டா?

பிள்ளையை அழைத்துவரும் அப்பாக்கள், பிள்ளை வெளியே போன பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. உண்டு, அண்ணே.

அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் கொடுக்கும் வழி இருக்கிறது. முன்னர் பெற்ற திறனுக்கான அங்கீகாரம் என்பார்கள். மலாயில் சுருக்கமாக பிபிடி. 2006 திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் இது நடக்கிறது. வகுப்புக்குப் போக வேண்டாம். நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் திரட்டி ஒரு கோப்பாக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து கோப்பைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்துகாட்டச் சொல்வார். கோப்பு தயாரிப்பதில்தான் நம்மவர்கள் திணறுகிறார்கள், ஏனென்றால் யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை.

போன வருடம் ஒருவர் மைலோ டின் ஒன்றோடு வந்தார். உள்ளே பழைய சம்பளச் சீட்டுகள், தொழிற்சாலை வாசல் பாஸ், ஒரு சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்த கடிதம், மனைவி கைப்பேசியில் எடுத்து அச்சடித்த படங்கள். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டுக் கைப்பிடி, கோயில் இரும்புக் கதவு. கதவு எங்கள் மண்டபத்துக் கதவுதான். மேசை முழுக்கப் பரப்பி, வருடவாரியாக அடுக்க எங்களுக்கு இரண்டு மாலை பிடித்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன இரும்பு, என்ன தடிமன், எந்த வெல்டிங் என்று அவர் சொல்லச் சொல்ல அவர் மகள் மலாயில் எழுதினாள்.

உங்களிடமும் அப்படி ஒரு டின் இருக்கும். எதையும் தூக்கி எறியாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பழைய முதலாளியோ சூப்பர்வைசரோ உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.